கொடுத்தவர் எழுதிய சொல்

ஜனவரி 9

தம்பிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய். எடுத்தாலும் "லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் நான் கூப்பிடும்போதுதான் பழுதாகிறது. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

அப்பாவுக்கு உன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கப் போவதாக உன் வீட்டுக்காரிதான் செய்தி அனுப்பினாள். அடுத்த மாதக் கடைசியில் ஆபரேஷன் என்றாள். நீயே சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இப்போது நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கொடுக்காதே.

இந்த வார்த்தையை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 

போன வருஷம் எங்கள் ஆராய்ச்சிக்காக உன் தொடைச் சதையில் ஒரு துளி எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 'உனக்காக ஊசி குத்திக்கொண்டேன், நன்றி சொல்' என்று அன்றைக்குப் பெருமையாகச் செய்தி அனுப்பினாய். அந்தத் துளி இத்தனை நாள் இங்கே உறைபெட்டியில் கிடந்து, இப்போதுதான் என் கருவிக்கு வந்தது. அகச்சிவப்பு ஒளியை அதன் வழியாகச் செலுத்திப் பார்த்தேன். சர்க்கரை நோய் முற்றியவர்களின் சதை எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கிறது. உனக்குச் சர்க்கரையும் வந்து, சிறுநீரகமும் ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசி. இன்றைக்கு அப்பா படுத்திருக்கும் இடத்தில் நாளைக்கு நீ படுத்திருப்பாய். அன்றைக்கு உனக்குக் கொடுக்க யார் இருப்பார்கள்?

இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்பது இங்கே விதி. அது உன் சதைதான் என்பது எனக்கே தெரியக்கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. தெரியும், அவ்வளவுதான்.

அப்பா எனக்குக் கருநாக்கு என்று சொன்னவர். அந்தக் கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்பும் அவர் கையிலிருந்த இனிப்பைப் பிடுங்கி, "இப்படியே தின்னா கால் போயிடும்ப்பா" என்றேன். மறு வருஷமே அவருடைய கால்விரலை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறு வருஷமாக அவர் என்னோடு பேசுவதில்லை. நான் வாயைத் திறந்தால் நடந்துவிடும் என்று அவருக்குப் பயம். சில நாள் எனக்கும் அந்தப் பயம் வருகிறது. இருந்தும் இதை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

நான் நலம் என்று ஆரம்பிக்கலாம் என்றால் அதற்கும் நீ மறுப்புச் சொல்வாய். என் நலத்தைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும் போலிருக்கிறது. நானூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு மிளகளவு சதையைப் பார்த்து, ஆளையே முடித்துவிட்டாய். கெட்டிக்காரிதான்.

இங்கே எனக்கு என்னென்ன சோதனை செய்தார்கள் என்று தெரியுமா? வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு எடுத்தார்கள். குமட்டும் அளவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து மறுபடி மறுபடி எடுத்தார்கள். எல்லாம் சரி. சிறுநீரக டாக்டர் என் முதுகில் தட்டி, "குதிரை மாதிரி இருக்கீங்க, உங்க அப்பா குடுத்துவெச்சவர்" என்றார். அவரும் படித்தவர்தானே அக்கா? உன் ஒளி மட்டும்தான் உண்மை பேசுமா?

நீ இங்கே வந்து ஒரு நாள் அந்த டயாலிசிஸ் அறையில் உட்கார வேண்டும். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின், சத்தமில்லாமல் ஓடும் ஒரு டிவி. எல்லோரும் அதைப் பார்ப்பது போல் இருப்பார்கள், யாரும் பார்ப்பதில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டு, அது கரைந்துவிடக் கூடாதே என்று நாக்கை அசைக்காமல் வைத்துக்கொண்டிருப்பார். ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்த கை அது. இப்போது வீங்கிப்போய், கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழைவதில்லை. போன வாரம் என் சட்டைப் பொத்தான் அறுந்தது. தைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கவே முடியாமல், 'கண்ணு சரியில்ல' என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நீ அவரோடு பேசாமல் இரு. அது உங்கள் இருவர் பாடு. ஆனால் அவர் பிழைப்பதில் குறுக்கே வந்து நிற்காதே. உனக்கு அவர் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை, அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்படி எழுதுவது தப்பாக இருந்தால் தப்பாகவே இருக்கட்டும்.

தம்பி

ஜனவரி 25

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அப்பா சாக வேண்டும் என்று நான் நினைப்பதாக எழுதியிருக்கிறாய். வார்த்தை அதுவல்ல, அர்த்தம் அதுதான். நீ திட்டுவதைத் திட்டிக்கொள், ஆனால் இதைக் கேள்.

கடுகளவு சதையை உறையவைத்து, பாலில் படியும் ஆடை மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒரு வில்லையின் மேல் ஒட்டவைப்போம். அதன் வழியாக அகச்சிவப்பு ஒளி போகும். கொழுப்பு தனக்கு வேண்டிய ஒளியை எடுத்துக்கொள்ளும், புரதம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் வெளியே வருவதை வைத்து உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்று கருவி ஒரு கோடு போடும். மேடும் பள்ளமுமாக இருக்கும். அறையில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே கோட்டில் பொய் மேடுகள் கிளம்பும். அதனால் மூடியைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். உன்னுடையதைப் பார்த்தபோது மூடியைச் சாத்திய பிறகும் மூச்சை விட மறந்துவிட்டேன்.

முதலில் கண்ணில் பட்டது கொழுப்பு மேடு. அது பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து நான் பயப்படவில்லை. நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி உழைக்கிறவர்களின் சதையிலும் கொழுப்பு சேரும், அது எரிப்பதற்கு வைத்திருக்கும் விறகு. லிஃப்ட் மெக்கானிக்தான் உலகத்திலேயே அதிகம் படியேறுகிறவன் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு புரதத்தின் மேட்டைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்திருந்தது. புரதம் தன் மடிப்புக் குலைந்து போனால்தான் அப்படி நகரும். படியேறுவதால் அது வராது. வேறு துண்டு சீவிப் பார்த்தேன், அதிலும் அதே.

உன் வயதில் இவ்வளவு முற்றியிருப்பது எனக்கே புரியவில்லை. புரியாததுதான் அதிகம் பயமுறுத்துகிறது. ரத்தத்தில் இன்னும் வரவில்லையே என்கிறாய். ரத்தம் கடைசியில்தான் ஒப்புக்கொள்ளும். சதையில் வருஷக்கணக்கில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது.

எங்கள் தலைமை மேடத்திடம், ஊர் பேர் சொல்லாமல், இப்படி ஒருவருடையது தெரிந்துவிட்டால் சொல்லலாமா என்று கேட்டேன். "நாம பாக்கறது ஒரு கூட்டத்தை. தனியா ஒரு ஆளுக்கு இதை வெச்சு ஜோசியம் சொல்ல ஆரம்பிச்சா நாம தொலைஞ்சோம்" என்றார். அவருக்கு அது ஒரு ஆள். எனக்கு நீ. பாப்பா இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறாள் என்று உன் வீட்டுக்காரி படம் அனுப்பினாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடு.

அப்பாவுக்கு வேறு யாராவது கிடைக்கலாம். நீ எனக்கு வேறு கிடைக்க மாட்டாய்.

அக்கா

பிப்ரவரி 8

அக்காவுக்கு,

நீ நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டுக்கொள்.

உன் இரண்டாவது கடிதத்தை இவள் படித்துவிட்டாள். நான் வேலைச் சட்டையில் வைத்திருந்தேன், துவைக்க எடுக்கும்போது பார்த்திருக்கிறாள். சண்டை போடவில்லை. பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

முந்தாநாள் கடைசி நேர்காணல். கொடுப்பவர் பக்கம் பேசுவதற்காகவே அங்கே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களா? மனசுல எதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ எழுதிய அந்த நகர்ந்துபோன மேடு கண் முன்னால் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து "இல்லைங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இல்லைன்னு சொல்ல இவ்ளோ நேரம் ஆச்சுன்னா, இருக்குன்னுதான் அர்த்தம். தப்பில்ல. நாங்க கத்தி எடுக்க மாட்டோம். அப்பாகிட்ட காரணம் எதுவும் சொல்ல மாட்டோம்."

அவரிடம் உன் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் உன் வேலை போய்விடும் என்று தெரியும். நீ எனக்காக விதியை மீறினாய், நான் உனக்காக வாயை மூடிக்கொண்டேன். நல்ல அக்கா, நல்ல தம்பி.

இப்போதைக்குத் தோதுப்படவில்லை என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பரவால்லடா. வயித்தக் கிழிக்கறதுன்னா யாருக்குத்தான் பயமா இருக்காது" என்றார். எனக்கு அந்த பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. பயமில்லப்பா என்று சொல்லவும் முடியவில்லை. அப்படிச் சொன்னால் வேறென்ன என்று கேட்பார்.

நீ சொன்னதைக் கேட்டுவிட்டேன். இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அங்கே பெயர் இருக்காது என்று ஊசி குத்தும்போது சொன்னார்கள். அது என்னுடையதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நீ பிழைத்தாய், எனக்கு அது போதும். இதை எழுதும்போது வெட்கமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

கேட்டாயே, சொல்கிறேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

சதை கொடுக்கிறவர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பியின் மேல் அந்தச் சொல் மட்டும்தான் இருக்கும். பெயர், வயது எதுவும் இருக்காது. பின்னால் மனம் மாறினால் அந்தச் சொல்லைச் சொல்லித் தன்னுடையதைத் திருப்பிக் கேட்கலாம், அதற்காக இந்த ஏற்பாடு. அளக்கிற எனக்கு எது நோயாளியுடையது, எது நலமாக இருப்பவருடையது என்றுகூடத் தெரியாது. தெரிந்தால் கண் ஒருபக்கமாய்ச் சாய்ந்துவிடும். ஆட்கள் ரோஜா, யானை, மழை என்று எதையாவது எழுதியிருப்பார்கள். ஒருவர் 'பசிக்கிறது' என்று எழுதியிருந்தார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அன்றைக்கு அடுத்த குப்பியை எடுத்து உறைபனியைத் துடைத்தேன். 'குண்டூசி' என்று இருந்தது.

நான் ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருந்தேன் என்று அப்பா தைக்கிற மேஜையிலிருந்து எடுத்து எனக்கு வைத்த பெயர். நம் வீட்டைத் தவிர உலகத்தில் யாருக்கு அது தெரியும்? அப்பா என் பெயரையே வாயில் எடுப்பதில்லை. அப்போது மிச்சம் நீதானே. நான் பார்ப்பேன், பார்த்துச் சிரிப்பேன் என்றுதானே எழுதினாய்? சிரிக்கத்தான் செய்தேன், பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார், வீட்டு விஷயம் என்றேன். அதன் பிறகுதான் அதை ஒளியில் வைத்தேன்.

உன் கிண்டல்தான் உன்னைக் காப்பாற்றியது.

அக்கா

பிப்ரவரி 22

அக்கா,

போனைக் கையில் எடுத்தேன், முடியவில்லை. எழுதுகிறேன்.

அது நானில்லை.

என் சொல் 'கயிறு'. லிஃப்ட் கயிறுதான் வேறென்ன, எனக்கு அன்றைக்கு அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

குண்டூசி என்று எழுதியது அப்பா.

அவரைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போன அன்றைக்குத்தான் எனக்கும் ஊசி குத்தினார்கள். நோயாளிகளும் வேண்டும், கூட வந்த நலமானவர்களும் வேண்டும் என்றார்கள். அப்போது அவருக்குச் சிறுநீரகம் இவ்வளவு மோசமாகவில்லை. நான் மட்டும் சட்டென்று படுத்துக்கொண்டேன். அப்பா வேண்டாம் என்றார். இது எங்கே போகும் என்று கேட்டார், அக்காவிடம்தான் போகும், அவள்தான் அளக்கிறாள் என்றேன்.  பிறகு ஊசி குத்த வந்த நர்ஸிடம், "இதுல எழுதற வார்த்தை, அளக்கறவங்க கண்ணுல படுமா?" என்று கேட்டார். படும் என்றார். வேட்டி விலகுவதைக்கூடப் பார்க்காமல் அந்த இடத்திலேயே காலை நீட்டிவிட்டார். எழுதும்போது நான் எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டே எழுதினார், ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. "அவகிட்ட சொல்லாத. தானா பாக்கட்டும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் ஆசையாகக் கேட்டுக்கொண்டதால் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. நீயும் விதி விதி என்று எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லவில்லை. முதல் கடிதத்திலேயே அந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கக் கூடாதா?

'கயிறு' அங்கே இருக்கும். எடுத்துப் பார்.

தம்பி

பிப்ரவரி 25

தம்பி,

போனை எடு. இருபது தடவை அடித்துவிட்டேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், அதற்குள் நீ எடுத்துவிட்டால் நல்லது.

'கயிறு' குப்பியை எடுத்துப் பார்த்தேன். சுத்தம். கொழுப்பு மேடு இருக்கிறது, அது உன் படிக்கட்டு. புரதம் இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நிற்கிறது. உன் டாக்டர் சொன்ன குதிரை நீதான்.

உடனே அந்த டாக்டரம்மாவிடம் போ. எனக்குச் சந்தேகம் வந்ததற்கு என் அக்காதான் காரணம், அவள் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று சொல். என் கடிதங்களையெல்லாம் காட்டு. எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போட்டுத் தருகிறேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. என் ஆய்வகச் சாவி அட்டையை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். பெயர்ப் பட்டியலை அவரே திறந்து பார்த்தார். குண்டூசி, நோயாளி, ஆண், என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எல்லாம் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு முற்றிய சதை உனக்கு எப்படி என்று நானே எழுதினேனே. அப்பா எழுதியிருக்க மாட்டார் என்று மட்டும் எனக்கு அவ்வளவு உறுதி. அவருக்கு என் மேல் வெறுப்புத் தவிர ஒன்றுமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொரு மேட்டையும் திரும்பத் திரும்ப அளந்தேன், இதை மட்டும் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு மனிதர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், காலில் ஊசியை ஏற்றிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார். நான் அவருடைய சதையையே எடுத்துக் காட்டி, அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

அடுத்த வாரத்துக்குத்தான் ரயில் டிக்கெட் கிடைத்தது, கிளம்பி வருகிறேன். அவர் முன்னால் உட்கார்ந்து நானே சொல்கிறேன். பயந்தது நீயில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

போனில் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும். நீ ரயிலேறும் முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என் மேல் கோபப்படவில்லை, திரும்பத் தொடங்கலாம் என்றார். அன்று மாலையே அப்பாவுக்குக் குளிர் ஜுரம். கழுத்தில் டயாலிசிஸுக்குப் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி உள்ளே போய், இதயத்தில் உட்கார்ந்துவிட்டதாம். அந்தக் குழாயைப் போன மாதக் கடைசியிலேயே ஆபரேஷனோடு எடுத்துவிடுவதாக இருந்தார்கள். இப்போது கத்தி வைக்கிற பேச்சுக்கே இடமில்லை என்கிறார்கள். இனிமேலும் இல்லை என்பதை டாக்டர் வாயால் சொல்லவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா அவ்வப்போது முழித்துக்கொள்கிறார். நேற்று நான் பக்கத்தில் இருந்தபோது என் கையைத் தடவிக் கொடுத்து, "நீ ஒன்னும் தப்புப் பண்ணலடா, புள்ளகுட்டிக்காரன்" என்றார். பயந்து பின்வாங்கியதாக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

அப்புறம் கேட்டார், "அவ பாத்தாளா?"

எதை என்று நான் கேட்கவில்லை. "பாத்தாப்பா" என்றேன்.

"என்ன சொன்னா?"

"சிரிச்சாளாம். பக்கத்துல இருந்தவங்க என்னன்னு கேக்கற அளவுக்குச் சிரிச்சாளாம். கெளம்பி வர்றா."

அக்கா, அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

அதனால் வா, உடனே வா. ஆனால் எதையும் சொல்லாதே. எனக்காகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்துவிடாதே. நீ உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையை எழுதியதால்தான் தனக்குச் சிறுநீரகம் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். மகன் பயந்துவிட்டான், மகள் பார்த்துவிட்டாள், அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதோடு போகட்டும்.

தம்பி